கூண்டில் பிறந்த வாக்குமூலம்

1998 ஜூலை 3 அன்று கொழும்பு மேல் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் ஒரு தீர்ப்பை வழங்கினார்கள். கிருஷாந்தி குமாரசுவாமி என்ற பள்ளி மாணவியை வன்புணர்ந்து கொன்றது, அவளைத் தேடிப்போன தாயையும் தம்பியையும் அயலவர் ஒருவரையும் கொன்று புதைத்தது ஆகிய குற்றங்கள் நிரூபிக்கப்பட்டுவிட்டன. மரண தண்டனை விதிக்குமுன், அதை ஏன் விதிக்கக்கூடாது என்பதற்குச் சொல்ல ஏதும் உண்டா என்று குற்றவாளியைக் கேட்பது இலங்கை நீதிமன்றங்களின் நடைமுறை. அந்த நேரத்தில் பலர் தலைகுனிந்து நிற்பார்கள், சிலர் கருணை கேட்பார்கள். லான்ஸ் கோப்ரல் சோமரத்ன ராஜபக்ச என்ற இராணுவச் சிப்பாய் வேறொன்று சொன்னார். அந்தக் கொலைகளைத் தான் செய்யவில்லை, மேலதிகாரிகள் சொன்னபடி உடல்களைப் புதைத்தது மட்டுமே தங்கள் வேலை, செம்மணியில் 300 முதல் 400 வரை உடல்கள் கிடக்கின்றன, கூட்டிப்போனால் இடத்தைக் காட்டுவேன் என்றார்.

அதுவரை செம்மணி யாழ்ப்பாணத்துக்குள் நுழையும் கண்டி வீதியோரத்து உப்பு வெளி ஒன்றின் பெயர். அன்று பின்னேரத்துக்குள் அது உலகச் செய்தியாகிவிட்டது.

அரசாங்கத்தின் இரகசியத்தை வெளியில் விட்ட படைவீரன் வீரனா, குற்றவாளியா என்று உலகம் அடிக்கடி கேட்டுக்கொள்கிறது. அமெரிக்கர்கள் செல்சீ மானிங்கை வைத்து அந்த வாதத்தை நடத்துகிறார்கள். ஈழத்தமிழருக்கு அந்தக் கேள்வி சோமரத்ன ராஜபக்ச வடிவத்தில், மிகவும் கொடிய வடிவத்தில் வந்தது. எங்கள் பிள்ளையைக் கொன்றவன் என்று நீதிமன்றம் தீர்த்த ஒருவனின் வாயிலிருந்துதான், எங்களில் நூற்றுக்கணக்கானோர் எங்கே போனார்கள் என்ற பதில் முதன்முறை வந்தது. அந்தப் பதில் எப்படிப் பிறந்தது, பிறந்த பிறகு அதற்கு என்ன நடந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

1995 டிசம்பரில் இராணுவம் யாழ்ப்பாண நகரைப் பிடித்தது. அதற்கு முன் ஒக்டோபர் கடைசியில் சனம் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போயிருந்தது. 1996 நடுப்பகுதியில் பெரும்பாலானோர் வீடு திரும்பினார்கள். திரும்பிய சனத்தை வரவேற்றது சோதனைச் சாவடி. அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வது, 'விசாரித்துவிட்டு விடுகிறோம்' என்று மறித்து வைப்பது, பிறகு கேட்டால் 'நாங்கள் பிடிக்கவேயில்லை' என்பது. ஆடி மாதத்தில் யாழ்ப்பாண நகரில் நடந்த தற்கொலைக் குண்டுத் தாக்குதலுக்குப் பின் இது இன்னும் மோசமாயிற்று. அந்த ஒரே ஆண்டில் குடாநாட்டில் ஏறத்தாழ 600 பேர் காணாமற்போனதாகச் சர்வதேச மன்னிப்புச் சபை பதிவு செய்தது. முகாம் வாசல்களில் தாய்மார் வரிசையில் நின்றார்கள். கையில் மகனின் படம், கிராம சேவகரின் கடிதம், ஒரு மனு. உள்ளே இருந்தவர்களுக்குப் பதில் தெரியும். அந்தப் பதில்தான் அரச இரகசியம்.

1996 செப்டெம்பர் 7. சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்திக்கு வயது 18. அன்று உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியல் வினாத்தாள். எழுதி முடித்துச் சைக்கிளில் கைதடிக்குத் திரும்பும் வழியில் செம்மணிச் சாவடியில் மறிக்கப்பட்டாள். மறித்ததைக் கண்டவர்கள் வந்து சொல்ல, ஆசிரியையான தாய் இராசம்மா, 16 வயது மகன் பிரணவனையும் அயலவரையும் கூட்டிக்கொண்டு சாவடிக்கே போய்க் கேட்டார். நான்கு பேரும் திரும்பவில்லை. ஒக்டோபரில் உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன.

காணாமற்போன அறுநூறு பேரில் இந்த ஒரு வழக்கு மட்டும் எப்படி நீதிமன்றம் வரை போயிற்று? மறித்ததைக் கண்ட சாட்சிகள் இருந்தார்கள். கொழும்பில் கேள்வி எழுப்ப உறவினரும் சட்டத்தரணிகளும் இருந்தார்கள். பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கின. ஜனாதிபதி சந்திரிகாவின் அரசு சமாதான முகத்தோடு உலகத்துக்கு முன் நின்ற காலம் அது. ஒரு வழக்கையாவது நடத்திக் காட்ட வேண்டிய தேவை அரசுக்கு இருந்தது. கீழ்நிலைச் சிப்பாய்கள் சிலரைத் தண்டித்து அந்தக் கோப்பை மூடியிருக்கலாம். மூட விடாமல் செய்தது கூண்டில் நின்றவனின் அந்தப் பேச்சு.

அது எதில் பிறந்தது? மனச்சாட்சியில் பிறந்தது என்று சொல்ல என் கை எழவில்லை. இரண்டு ஆண்டுகள் அவர் வாய் திறக்கவில்லை. 1996இலோ 1997இலோ ஒரு பாதிரியாரிடமோ செஞ்சிலுவைக்காரரிடமோ ஒரு சொல் சொல்லியிருந்தால், எத்தனையோ தாய்மார் முகாம் வாசலில் நின்று தேய்ந்திருக்கமாட்டார்கள். உத்தரவு கொடுத்தவர்கள் வெளியே இருக்க, தாங்கள் மட்டும் தூக்குக்கயிற்றுக்குப் போகிறோம் என்ற ஆத்திரத்தில் பிறந்த பேச்சு அது. ஆனால் ஆத்திரத்தில் பிறந்ததால் அது பொய்யாகிவிடவில்லை. மண்ணைத் தோண்டியபோது அதற்குள் எலும்பு இருந்தது.

தோண்டத் தொடங்குவதற்கே ஏறத்தாழ ஓர் ஆண்டு எடுத்தது. அதற்கிடையில் அவர் சிறைக்குள் தாக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. இராணுவத் தரப்பு முற்றாக மறுத்தது. 1999 ஜூனில் அவரைக் காவலோடு செம்மணிக்குக் கொண்டுவந்தார்கள். அவர் இடத்தைக் காட்டினார். முதலில் இரண்டு எலும்புக்கூடுகள். அவற்றை உடையைக் கொண்டு உறவினர் அடையாளம் கண்டார்கள். 1996இல் காணாமற்போன இரண்டு இளைஞர்கள். வெளிநாட்டுத் தடயவியல் நிபுணர்களின் கண்காணிப்போடு செப்டெம்பர் வரை தொடர்ந்த அகழ்வில் மொத்தம் 15 உடல்கள் வெளிவந்தன. 2000இல் படையினர் சிலரைக் கைது செய்து பிணையில் விட்டார்கள். வழக்கு அதற்குமேல் நகரவில்லை. பதினைந்துதானே, நானூறு எங்கே என்று கேட்டு அரசாங்கம் அந்த வாக்குமூலத்தைப் பொய்யென்று ஒதுக்கப் பார்த்தது. சிப்பாய் சிறையில் இருந்தார். இலங்கையில் 1976க்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை என்பதால் உயிரோடு இருந்தார். 2004இல் உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. அதன்பின் செம்மணி எங்கள் ஆட்களின் நினைவில் மட்டும் கிடந்தது.

நான் இருப்பது ஷ்லீரனில். சூரிச் நகரை ஒட்டி லிம்மாத் ஆற்றங்கரையில் உள்ள ஊர். ஒருகாலத்தில் ரயில் பெட்டிகள் செய்த பெரிய தொழிற்சாலை இங்கே இருந்தது. 1985இல் அது மூடப்பட்டது. அந்தக் காலத்தை ஒட்டித்தான் எங்கள் ஆட்கள் சுவிஸுக்கு வரத் தொடங்கினார்கள். உணவக அடுக்களையிலும் வைத்தியசாலைத் துப்புரவுப் பிரிவிலும் நின்று வளர்த்த பிள்ளைகள் இப்போது சுவிஸ் கடவுச்சீட்டோடு கட்டாய இராணுவப் பயிற்சிக்குப் போகிறார்கள். வெள்ளி பின்னேரம் ஷ்லீரன் ரயில் நிலையத்தில் சீருடையும் துப்பாக்கியுமாக ஒரு தமிழ்ப் பிள்ளை இறங்கினால், எங்கள் வயதுப் பெண்கள் சிலர் இன்றைக்கும் ஒரு கணம் சுவரோரம் ஒதுங்குவார்கள். பிறகு முகத்தைப் பார்த்து, 'அட, உவன் எங்கட பெடியனெல்லோ' என்று கிட்டப் போவார்கள்.

அப்படி இறங்கியவன் என் அண்ணனின் மகன். சாப்பாட்டு மேசையில் செம்மணிப் பேச்சு வந்தபோது அவன்தான் கேட்டான்: "சித்தப்பா, அந்த ஆமிக்காரன் கொலைகாரனோ, இல்லாட்டி உண்மையைச் சொன்ன ஆளோ? ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோவன்."

"ரெண்டும்தான்" என்றேன். அவனுக்கு அது பதிலாகப் படவில்லை. எழும்பிப் போய்த் தன் பையிலிருந்து பயிற்சியில் கொடுத்த சேவை ஒழுங்குப் புத்தகத்தைக் கொண்டுவந்தான். சட்டத்துக்கோ சர்வதேசச் சட்டத்துக்கோ எதிரான குற்றத்தைச் செய்யவைக்கும் உத்தரவு என்று தெரிந்தால் சிப்பாய் அதை நிறைவேற்றக்கூடாது என்று அதில் இருக்கிறது. அதே நாட்டின் இராணுவத் தண்டனைச் சட்டம் படை இரகசியத்தை வெளியிடுவதைக் கடும் குற்றமாக்கியிருக்கிறது. "உத்தரவே குற்றம் எண்டால், அதை வெளியில சொல்லுறதும் குற்றமோ?" என்று கேட்டான். இருபது வயதுப் பிள்ளையின் கேள்வி. பெரிய பெரிய சட்ட அறிஞர்களும் அதில்தான் தடுக்கி நிற்கிறார்கள்.

சுவிஸுக்கும் இதில் பழைய கணக்கு உண்டு. முதலாம் உலகப் போரில் சுவிஸ் நடுநிலை வகித்தது. அப்போது பொதுப் படைத்தலைமையில் இருந்த காரல் எக்லி, மோரிட்ஸ் ஃபொன் வாட்டன்வில் என்ற இரண்டு கேணல்கள் தங்கள் படைத்தலைமையின் இரகசியச் செய்தியறிக்கைகளை ஜெர்மனிக்கும் ஆஸ்திரிய–ஹங்கேரிக்கும் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதே தலைமையகத்தில் சங்கேத எழுத்துகளை உடைக்கும் வேலை பார்த்த அந்திரே லாஞ்சி அதைக் கண்டறிந்து வெளிப்படுத்தினார். 1916 பெப்ரவரியில் சூரிச்சில் இராணுவ நீதிமன்றம் கூடியது. கேணல்கள் விடுவிக்கப்பட்டார்கள். படைத்தலைவர் கொடுத்த ஒழுக்காற்றுத் தண்டனை இருபது நாள் காவல்.

இரண்டாம் உலகப் போருக்கு வாருங்கள். ஏர்ன்ஸ்ட் ஷ்ரெம்லி என்ற 23 வயதுச் சிப்பாய், சென் கலனைச் சேர்ந்த ஏழை, பாட்டுப் படிக்க ஆசைப்பட்டவன். எறிகணைகள் சிலவற்றையும் தகவல்களையும் ஜெர்மனியின் ஆட்களுக்குக் கொடுத்தான். 1942 நவம்பரில் அவனைக் காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். அந்தப் போர்க்காலத்தில் சுவிஸ் இப்படிச் சுட்டுக்கொன்றவர்கள் பதினேழு பேர். எழுபதுகளில் நிக்லவுஸ் மையன்பெர்க் என்ற பத்திரிகையாளர் ஷ்ரெம்லியின் கதையைத் தோண்டி எடுத்து, ஜெர்மனியோடு கைகோத்த பெரிய இடத்து ஆட்களுக்கு என்ன தண்டனை கிடைத்தது என்று கேட்டபோது நாடே கொதித்தது.

காசுக்கு எதிரிக்குக் கொடுத்ததும் நீதிமன்றத்தில் நின்று சொன்னதும் ஒன்றல்ல. ஷ்ரெம்லியைச் சோமரத்னவோடு சேர்த்துப் பேச நான் வரவில்லை. இந்த மூன்று கதைகளிலும் ஒரே சீராக வருவது பதவி. கேணலுக்கு இருபது நாள், சாதாரணச் சிப்பாய்க்குத் துப்பாக்கிச் சூடு. செம்மணியில் லான்ஸ் கோப்ரலுக்கு மரண தண்டனை, அவருக்கு உத்தரவு கொடுத்ததாக அவர் சொன்ன அதிகாரிகளுக்குப் பிணை. மேலே இருப்பவன் தப்பிக்கொள்கிறான், கீழே இருப்பவன் இரகசியத்தைச் சுமந்துகொண்டு சிறைக்குப் போகிறான்.

உயரத்திலிருந்து வாய் திறந்தவர்கள் எங்கள் கதையில் இல்லையா என்றால், ஒருவர் உண்டு. இறுதிப் போரை நடத்திய தளபதி சரத் பொன்சேகா 2009 டிசம்பரில் வெளியான ஒரு செவ்வியில், வெள்ளைக்கொடியோடு சரணடைய வந்த புலித் தலைவர்களைச் சுடும்படி பாதுகாப்புச் செயலர் உத்தரவிட்டதாகச் சொன்னார் என்று சண்டே லீடர் எழுதியது. பொன்சேகா தன் பேச்சு திரிக்கப்பட்டதாகச் சொல்லிப் பின்வாங்கினார். ஆனாலும் 2011 நவம்பரில் அந்தச் செவ்விக்காகவே அவருக்கு மூன்று ஆண்டுச் சிறை விதித்தார்கள். சரணடைந்தவர்களைக் கொன்றதற்காக இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை. கொன்றதாகச் சொன்னதற்குத் தண்டனை உண்டு. பின்பு அவரே பீல்ட் மார்ஷல் ஆனார். அவரை நான் வீரராக எண்ணவில்லை. வன்னியில் விழுந்த எறிகணைகள் அவருடைய படையினுடையவை.

பெயரே தெரியாத இன்னொரு சிப்பாயும் இருக்கிறான். கண்ணும் கையும் கட்டப்பட்ட நிர்வாண மனிதர்களைப் பின்னந்தலையில் சுடும் காட்சியைக் கைத்தொலைபேசியில் யாரோ பிடித்தார்கள். வெற்றிக் கொண்டாட்டமாகப் பிடித்த காட்சி அது. அது கைமாறி, நாடுகடந்து வாழ்ந்த சிங்களப் பத்திரிகையாளர்களும் இருந்த ஜனநாயகத்துக்கான ஊடகவியலாளர்கள் அமைப்புக்கு வந்து, 2009 ஓகஸ்ட் 25 அன்று பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. போலி என்று கொழும்பு சொன்னது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் தடயவியல், துப்பாக்கி, காணொளி ஆகிய மூன்று துறை நிபுணர்களிடம் கொடுத்துச் சோதித்து, அது உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். பிடித்தவனின் மனம் என்ன என்று யாருக்கும் தெரியாது. படையிலிருந்து அதை வெளியே தள்ளிவிட்டவனுக்கு மனம் இருந்திருக்க வேண்டும் என்று நம்ப ஆசைப்படுகிறேன்.

ஒரு நாட்டின் படை எங்கே நிற்கிறது, எத்தனை துப்பாக்கி வைத்திருக்கிறது என்பதெல்லாம் காக்கவேண்டிய இரகசியம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். அதை விற்பவனுக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். பிடித்துக்கொண்டுபோன பிள்ளையை எந்தக் குழிக்குள் போட்டார்கள் என்பது எந்த அரசுக்கும் சொந்தமான இரகசியம் ஆகாது. அது அந்தத் தாய்க்குச் சேரவேண்டிய தகவல். அதைத் தாயிடம் சேர்ப்பவன் நல்லவனா கெட்டவனா என்று பார்த்து வாங்கும் வசதி அவளுக்கு இல்லை.

2025 பெப்ரவரியில், செம்மணியை ஒட்டிய அரியாலை சித்துப்பாத்தி இந்து மயானத்தில் தகன மேடை கட்ட நிலம் தோண்டியவர்கள் எலும்புகளைக் கண்டார்கள். மே மாதம் பேராசிரியர் ராஜ் சோமதேவ தலைமையில், யாழ்ப்பாண நீதவானின் மேற்பார்வையில் அகழ்வு தொடங்கிற்று. ஆழமில்லாத குழிகள். ஜூன் 25 அன்று ஐ.நா. மனித உரிமை ஆணையாளர் வோல்கர் டேர்க் வந்து குழியோரம் நின்றார். அதை ஒட்டி மூன்று நாள் அணையா விளக்குப் போராட்டம் நடந்தது. செப்டெம்பர் தொடக்கத்தில் வேலை நிறுத்தப்பட்டபோது 240 எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டிருந்தன. குழந்தைகளின் எலும்புகளும் அவற்றில் உண்டு. நீலநிறப் புத்தகப் பை, பொம்மை, சின்ன வளையல்கள், செருப்புகள். 1999இல் பதினைந்து என்று கைவிரித்த அரசுக்கு இந்த எண்ணிக்கையே பதில்.

ஓகஸ்ட் 5 அன்று அந்தப் பொருட்களை மக்கள் பார்க்க வைத்தார்கள். படங்கள் இங்கேயும் வந்தன. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறை இருக்கிறது. அன்று என் முறை. எனக்கு அடுத்த முறைக்கு வந்த அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தொலைபேசியை நீட்டினார். அவருடைய தம்பியை 1996 ஆவணியில் பிடித்துக்கொண்டு போனவர்கள்.

"தம்பி, இந்தச் செருப்பைக் கொஞ்சம் பெரிசாக்கிக் காட்டும்."

விரலால் பெரிதாக்கினேன். மண் ஒட்டிய பாட்டா செருப்பு, வார் அறுந்து கம்பியால் கட்டியது போலத் தெரிந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மீண்டும் பார்த்தார்.

"அவன்ர இல்லை. அவன் கடைசியாப் போட்டது மண்ணிறம்" என்றார். பிறகு, "படத்தில நிறம் மாறித் தெரியுமோ?" என்று கேட்டார். ஈரமண்ணில் கிடந்தால் மாறும் என்றேன். அடுத்த படத்துக்குப் போனோம். இயந்திரம் நின்று கனநேரமாகியும் நான் உடுப்பை எடுக்கவில்லை.

அதே ஓகஸ்ட் மாதம் சோமரத்ன ராஜபக்சவின் மனைவி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவுக்கு ஒரு கடிதம் எழுதினார். சர்வதேச விசாரணை ஒன்று நடந்தால் தன் கணவர் சாட்சி சொல்லத் தயார் என்று அதில் இருந்தது. அதைப் படித்த எங்கள் ஆட்களில் ஒரு பகுதியினர், கொலைகாரன் மன்னிப்புக்கு வழி பார்க்கிறான் என்று கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கிருஷாந்தியின் கொலைக்கான தண்டனையில் ஒரு நாள்கூடக் குறைக்கக்கூடாது என்பதுதான் என் எண்ணமும். ஆனால் மன்னிப்பு வேறு, சாட்சியம் வேறு. 1996இல் செம்மணியில் கடமையில் இருந்து, உடல்கள் எங்கே எந்த நேரத்தில் யார் சொல்லி வந்தன என்று வெளிப்படையாகச் சொல்ல முன்வந்தவர் அவர். அவருக்கும் வயது போகிறது. சிறையில் அவருக்கு ஏதும் நடந்தால், அவர் சொல்லாமல் விட்ட பெயர்களும் அவரோடு போய்விடும்.

ஜெனீவாவில் ஐ.நா. முன்றலில், முருகதாசன் என்ற தமிழ் இளைஞர் தன்னை எரித்த இடத்தில், மார்ச்சிலும் செப்டெம்பரிலும் நாங்கள் பேருந்து பிடித்துப் போய் நிற்கிறோம். 2021 மார்ச்சில் நிறைவேறிய 46/1 தீர்மானம் இலங்கைக் குற்றங்களின் ஆதாரங்களைச் சேர்த்துப் பாதுகாக்கும் பொறுப்பை மனித உரிமை ஆணையாளர் அலுவலகத்துக்குக் கொடுத்திருக்கிறது. சோமரத்னவின் முழு வாக்குமூலத்தையும், சிறை அதிகாரிகள் அருகில் இல்லாமல், அந்த அலுவலகம் பதிவுசெய்ய வேண்டும் என்பதை இனிப் பதாகையில் எழுத வேண்டும். 1996இல் ஆட்களைத் தொலைத்த குடும்பங்கள் சூரிச்சிலும் பேர்னிலும் பாசலிலும் சிதறிக் கிடக்கின்றன. 240 எலும்புக்கூடுகளுக்குப் பெயர் கிடைக்க அவர்களின் மரபணு மாதிரியும் தேவைப்படும். கீழ்த்தள அறையில் அந்த அக்கா கேட்டதும் அதைத்தான்: "என்ர இரத்தத்தை ஆரிட்டக் குடுக்கவேணும், தம்பி?" பதில் சொல்லக்கூடிய ஒரு முகவரி அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.